காலில் தெரிவது, குடலில் நடப்பது

(பெங்களூரின் அல்சூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



இளம்பிள்ளை வாதம் என்றதும் நம் எல்லோருக்கும் ஒரு கால்தான் நினைவுக்கு வருகிறது. சூம்பிய கால், அதில் மாட்டிய இரும்புக் காலிபர், அக்குளில் ஒரு கட்டை. ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் தம் தெருவிலோ வகுப்பிலோ அப்படி ஒருவரை அறிந்திருப்பார். இந்த அவையிலும் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இந்த உரையின் கடைசிப் பகுதி உங்களுக்கானது.

நான் வைக்க வந்த கருத்து ஒன்றுதான். போலியோவைக் காலில் தேடியவரை மருத்துவம் அதனிடம் தோற்றுக்கொண்டே இருந்தது. அது குடலில் வாழ்கிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் அதை மடக்க முடிந்தது. வாதம் அந்த வைரஸுக்குத் தேவையே இல்லாத ஒன்று. வழி தவறி நரம்புக்குள் போய்விட்டால் நேரும் விபத்து. அது பெருகுவதும் அடுத்த ஆளுக்குத் தாவுவதும் குடல் வழியாகத்தான். சமூக மருத்துவம் கற்பித்த காலமெல்லாம் மாணவர்களிடம் இதையே சொல்லி வந்தேன். இன்று மருத்துவர் அல்லாத உங்களிடம் சொல்வது இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன். இந்த நோய் மருத்துவக் கல்லூரி வகுப்பறையில் பரவவில்லை, நம் வீட்டுக் கொல்லையிலும் தெருக்குழாயடியிலும்தான் பரவியது.

1.

முதலில் வைரஸ். அதன் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்க வைக்கலாம். 1, 2, 3 என்று மூன்று வகை உண்டு. ஒரு வகைக்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் மற்ற இரண்டையும் தடுக்காது. இயற்கையில் மனிதரை விட்டால் அதற்கு வேறு புகலிடம் இல்லை. கொசு சுமப்பதில்லை, எலியிடம் தங்குவதில்லை, மாட்டிடமிருந்து வருவதில்லை. அதனால்தான் அதை உலகை விட்டே விரட்டலாம் என்ற துணிச்சல் வந்தது.

தொற்றிய குழந்தையின் மலத்தில் வைரஸ் வெளியேறுகிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை. அங்கிருந்து கை, தண்ணீர், பண்டம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டு இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போகிறது. தொண்டையிலும் முதல் ஓரிரு வாரம் வைரஸ் இருக்கும். சுத்தமான ஊர்களில் எச்சில் வழியாகப் பரவுவதும் உண்டு. ஆனால் நம்மைப் போன்ற நாடுகளில் பெருவழி மலம்தான். உள்ளே போனபின் தொண்டைச் சதையிலும் சிறுகுடல் சுவரில் திட்டுத் திட்டாக இருக்கும் நிணநீர்த் திசுக்களிலும் பெருகுகிறது. பிறகு சில நாள் இரத்தத்தில் உலவுகிறது. பெரும்பாலோருக்கு உடம்பின் எதிர்ப்பாற்றல் அங்கேயே அதை முடித்துவிடுகிறது.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். தொற்று ஏற்பட்ட நூறு குழந்தைகளில் எழுபதுக்கும் மேல் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஏறக்குறைய கால் பங்குக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள் ஜுரம், தொண்டை வலி, கொஞ்சம் வாந்தி. இன்னும் சிலருக்குக் கழுத்து விறைத்து, தலைவலி வந்து, அதுவும் சரியாகிவிடும். கை கால் விழுவது இருநூறு தொற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு. மீதி அத்தனை குழந்தைகளும் ஓடி ஆடிக்கொண்டே வைரஸைப் பரப்புகிறார்கள். அவர்களுடைய அம்மாவுக்கோ, தெருக்கோடி டாக்டருக்கோ, அந்தக் குழந்தைக்கோ அது தெரியாது.

பழைய அல்சூரின் சந்துகளையும் மர்பி டவுனையும் ஜோகுபாளையாவையும் எண்ணிப் பாருங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், பல குடும்பத்துக்கு ஒரு குழாய், சாக்கடை ஓரத்தில் உட்கார வைக்கப்படும் கைக்குழந்தைகள், மழை வந்தால் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் பொங்கித் தெருவுக்கு வருவது. அத்தகைய தெருவில் ஒரு குழந்தையின் கால் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தால், வைரஸ் அந்த வட்டாரம் முழுவதையும் ஏற்கெனவே சுற்றிவிட்டது என்று பொருள். அந்த ஒரு குழந்தையைத் தனிமைப்படுத்தி எதையும் நிறுத்த முடியாது.

2.

போலியோ குடலின் நோய் என்பது இன்று நமக்கு எளிதாகத் தெரிகிறது. மருத்துவ உலகம் இதைக் கண்டுபிடித்து, கைவிட்டு, மறுபடி கண்டுபிடித்தது. நம் காலத்துக்கும் அதில் பாடம் உண்டு என்பதால் இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

1905இல் ஸ்வீடனில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கிய பெரிய போலியோப் பரவல். ஈவார் விக்மன் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். மற்றவர்கள் முடங்கிய குழந்தைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் அதே வீட்டில், அதே வாரத்தில் லேசாக ஜுரம் வந்து தெளிந்த குழந்தைகளையும் குறித்துக்கொண்டார். டிரஸ்டேனா என்ற கிராமத்தில் பரவலின் நடுவில் பள்ளிக்கூடம் இருந்ததைக் காட்டினார். முடங்காதவர்களே நோயைச் சுமந்து செல்கிறார்கள் என்று எழுதினார். 1912 வாக்கில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிலர் குடலிலும் வைரஸ் இருப்பதைக் கண்டார்கள்.

அந்த வழியில் போயிருந்தால் முப்பது ஆண்டு மிச்சமாகியிருக்கும். ஆனால் 1908இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் இறந்த குழந்தையின் தண்டுவடச் சாற்றைக் குரங்குக்குச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டிய பிறகு, எல்லோர் கவனமும் நரம்பின் மேல் குவிந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சைமன் ஃபிளெக்ஸ்னர் ரீசஸ் குரங்குகளின் மூக்கில் வைரஸை விட்டுப் பார்த்தார். அது மூக்கின் வாசனை நரம்பு வழியே மூளைக்கு ஏறியது. ஆகவே போலியோ மூக்கு வழியாக நுழைந்து நேரே நரம்புக்குப் போகும் நோய் என்பது அசைக்க முடியாத கொள்கையாயிற்று. ரீசஸ் குரங்குக்கு வாய்வழியாகத் தொற்று எளிதில் ஏற்படாது என்பதும், ஆய்வகத்தில் நரம்பிலிருந்து நரம்புக்கே திரும்பத் திரும்ப மாற்றப்பட்ட வைரஸ் குடலில் வளரும் திறனை இழந்துவிட்டது என்பதும் அப்போது கணக்கில் வரவில்லை.

1937இல் டொரொண்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்ஃபேட் கரைசலைத் தெளித்தார்கள். வைரஸுக்கு வாசலை அடைப்பதாக எண்ணம். நோய் நிற்கவில்லை, சில குழந்தைகளுக்கு மோப்ப உணர்ச்சி போயிற்று. 1941இல் ஆல்பர்ட் சேபினும் ராபர்ட் வார்டும் போலியோவில் இறந்தவர்களின் உடல்களை உறுப்பு உறுப்பாகச் சோதித்தார்கள். வைரஸ் குடலில் நிறைய இருந்தது. மூக்கின் வாசனை நரம்புப் பகுதியில் இல்லை. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத திசுவிலும் இந்த வைரஸை வளர்க்கலாம் என்று காட்டினார்கள். தடுப்பூசிக்குக் கதவு திறந்தது அங்கேதான். 1954இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1952இல் யேல் பல்கலைக்கழகத்தின் டாரதி ஹார்ஸ்ட்மன், வாதம் வருவதற்குச் சில நாள் முன்பே வைரஸ் இரத்தத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். இரத்தத்தில் இருந்தால் அங்கேயே எதிர்ப்பாற்றலால் மறித்துவிடலாம். சால்க் உருவாக்கிய ஊசித் தடுப்பு மருந்து 1955 ஏப்ரல் 12இல் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. சேபினின் சொட்டு மருந்து 1960களின் தொடக்கத்தில் வந்தது.

நாமும் இந்தியாவில் வெகுகாலம் கண்ணில் படுவதை மட்டும் நம்பும் தவறைச் செய்தோம். வெப்ப நாடுகளில் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதத்திலேயே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் இருக்கும்போதே, தொற்று வந்து போய்விடும். ஆகவே இங்கே வாதம் குறைவு என்று நம்பினோம். மேலைநாடுகள் போலப் பெருங்கொள்ளையாக வராததால் அந்த நம்பிக்கை நீடித்தது. 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் பள்ளிகளிலும் வீடுகளிலும் கால் ஊனமுற்ற குழந்தைகளை எண்ணிப் பார்த்தபோதுதான், ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இந்த நோய் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஒரே நாளில் ஒரே ஊரில் வராமல், நாடு முழுக்கத் தினமும் சிதறி வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

3.

வைரஸ் எப்போது நரம்புக்குள் போகிறது? போனால் என்ன செய்கிறது?

முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி ஒன்று தெரியும். அதன் முன்பக்கக் கொம்பில் இருக்கும் நரம்பணுக்கள்தாம் தசைகளுக்கு ஆணை அனுப்புபவை. போலியோ வைரஸ் அவற்றைத் தேடிப்பிடித்துக் கொல்கிறது. தொடு உணர்ச்சியும் வலியும் போய்ச்சேரும் பின்பக்கத்தைத் தொடுவதில்லை. இந்த நோயின் குரூரமே இதில்தான். கால் அசையாது, ஆனால் அந்தக் காலில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும், தசை பிடித்து இழுக்கும் வலியும் தெரியும்.

தொற்றிலிருந்து வாதம் வரை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம். ஜுரம் அடிக்கும், உடம்பு வலிக்கும், தூக்கினால் குழந்தை வீறிடும். பிறகு இரண்டு மூன்று நாளில் ஒரு கால், அல்லது இரண்டும், சில நேரம் கையும் துவண்டுவிடும். இரு பக்கமும் ஒரே அளவில் இருக்காது. முழங்காலில் தட்டினால் கால் துள்ளாது. ஜுரம் இறங்கியதும் வாதம் மேலும் பரவுவது நின்றுவிடும். மூச்சுத் தசைகளோ, விழுங்கவும் மூச்சுவிடவும் ஆணையிடும் மூளைத்தண்டோ பாதிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. வாதம் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர் இப்படித்தான் இறந்தார்கள்.

பிழைத்தவரைப் பரிசோதிப்பதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தவர் மறக்க மாட்டார். பத்து வயதுப் பையன் நடந்து வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் வலது கை தொடைக்கு மேல் முழங்காலருகே போய் அழுத்துகிறது. தொடையின் முன்தசை செத்துவிட்டதால் முழங்கால் தானாக நிமிர்ந்து நிற்காது. கையால் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினால்தான் உடம்பின் எடையைத் தாங்கும். தாங்கித் தாங்கி உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தே பழகுகிறது. சட்டையைக் கழற்றினால் முதுகெலும்பு வளைந்திருப்பது தெரியும். இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் மேலே நிற்கும். தசை இயங்காத காலில் எலும்பும் சரியாக வளர்வதில்லை. காலின் தோல் குளிர்ந்திருக்கும். தரையில் உட்கார வைத்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகியிருப்பதைக் காணலாம். இந்த இறுக்கத்தில் பெரும்பகுதி வைரஸ் செய்ததல்ல. முதல் மாதங்களில் யாரும் தினமும் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்காததால் வந்தது, தடுத்திருக்கக் கூடியது.

பெங்களூரில் 1958இல் பிறந்த மாலதி ஹொள்ளாவை உங்களில் பலர் அறிவீர்கள். பதினான்கு மாதத்தில் போலியோ அவரைக் கழுத்துக்குக் கீழே முழுவதும் முடக்கியது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு மேல் உடம்பு வலுப்பெற்றது, இடுப்புக்குக் கீழே தேறவில்லை. சென்னையில் ஈஸ்வரி பிரசாத் தத்தாத்ரேயா எலும்பியல் மையத்தில் பதினைந்து ஆண்டுகள் தங்கி, அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சையாகச் செய்துகொண்டவர். சக்கர நாற்காலி விளையாட்டு வீராங்கனையாகி அர்ஜுனா விருதும் 2001இல் பத்மஸ்ரீயும் பெற்றார். அவருடைய மன உறுதியைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். நான் அந்த மேல் உடம்பு எப்படித் தேறியது என்பதைச் சொல்ல விரும்புகிறேன், கடைசிப் பகுதிக்கு அது வேண்டும். செத்த நரம்பணு மீண்டும் பிறப்பதில்லை. பக்கத்தில் உயிர்பிழைத்த நரம்பணுக்கள் புதுக் கிளை விட்டு, ஆணையிட ஆளில்லாமல் கிடக்கும் தசைநார்களையும் தமதாக்கிக்கொள்கின்றன. இறந்த தம்பியின் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கும் அண்ணன் வீடு போல, ஒரு நரம்பணு பல மடங்கு பாரத்தை ஏற்றுக்கொள்கிறது. எத்தனை அணுக்கள் பிழைத்தனவோ அந்த அளவுக்கே வலிமை திரும்பும்.

4.

எனக்குத் தீராத வருத்தம் தரும் ஒரு பகுதி இது. நம் மக்களுக்கு ஊசியின் மேல் இருக்கும் நம்பிக்கை உங்களுக்குத் தெரியும். ‘ஊசி போட்டாத்தான் ஜுரம் இறங்கும்’ என்பார்கள். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிப்பதில்லை. குழந்தைக்கு ஜுரம் என்றதும் இடுப்பில் ஒரு ஊசி. அந்த ஜுரம் போலியோத் தொற்றின் முதல் ஜுரமாக இருந்துவிட்டால், ஊசி போட்ட அதே காலில் வாதம் வரும் வாய்ப்பு பெருகியது.

தென்னிந்தியாவில் இது தற்செயல் அல்ல என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் இருபது ஆண்டுகளாகப் பார்த்த போலியோ நோயாளிகளைப் பற்றி 1989இல் வெளிவந்த கட்டுரை அவற்றுள் ஒன்று. இங்கிலாந்தின் எச். வி. வையட் என்ற ஆய்வாளர் இந்தியக் குழந்தைகளுக்குப் போடப்பட்ட தேவையற்ற ஊசிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதினார். எப்படி நேர்கிறது என்பதை 1998இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். காயம்பட்ட தசையிலிருந்து வைரஸ் நரம்பிழை வழியே தண்டுவடத்துக்குப் பின்னோக்கி ஏறுவதைக் காயம் துரிதப்படுத்துகிறது. இரத்தத்தில் சும்மா சுற்றிவிட்டுப் போயிருக்க வேண்டிய வைரஸுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்தோம்.

எத்தனை தாய்மார்கள் ‘ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரிதான் காலு விழுந்துச்சு’ என்று சொல்லியிருப்பார்கள்! ஊசி நரம்பில் பட்டுவிட்டது என்பது அவர்கள் கொண்ட காரணம். ஜுரம் முற்றி வாதம் வந்தது, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது டாக்டர் சொன்ன காரணம். தாய் கண்ட தொடர்பு உண்மையானது. நம் துறை அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் எத்தனையோ கால்கள் தப்பியிருக்கும்.

5.

குடலின் நோய் என்றால் குடலுக்கே மருந்து. சேபினின் சொட்டு மருந்து வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். வாயில் விட்டால் குடலிலேயே வளர்ந்து, குடல் சுவரிலேயே காவலை உண்டாக்குகிறது. சால்க்கின் ஊசி மருந்து இரத்தத்தில் காவல் வைத்து வாதத்தைத் தடுக்கும். குடலில் வைரஸ் வளர்வதை அவ்வளவாகத் தடுக்காது. ஏழை நாட்டுக்குச் சொட்டு மருந்தே பொருத்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களில் ஓர் உண்மையைக் கண்டார். மேலைநாட்டில் மூன்று தவணையில் வேலை செய்த மருந்து இங்கே மூன்று தவணை கொடுத்த பிறகும் பல குழந்தைகளிடம் எதிர்ப்பாற்றலை உண்டாக்கவில்லை. மருந்து கெட்டுவிட்டதாக முதலில் சந்தேகித்தார்கள். மருந்து நன்றாகவே இருந்தது. நம் குழந்தைகளின் குடலில் ஏற்கெனவே வேறு வைரஸ்களும் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் குடியிருந்ததும் ஒரு காரணம். ஆகவே தவணைகளைக் கூட்ட வேண்டும், ஓர் ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும், அப்போது இயற்கை வைரஸுக்கு நுழையக் குடல் கிடைக்காது என்றார். வேலூரில் அதைச் செய்தும் காட்டினார். நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் சொட்டு மருந்து கொடுத்த பிற்காலத்துப் பல்ஸ் போலியோ இயக்கத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

1988இல் உலக சுகாதார மன்றம் போலியோ ஒழிப்பைத் தீர்மானித்தபோது 125க்கு மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் நாடு தழுவிய முதல் பல்ஸ் போலியோ 1995 டிசம்பர் 9. கன்னடத்தில் ‘எரடு ஹனி’, தமிழில் ‘இரண்டு சொட்டு’. பிற்காலத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் மருந்து கொடுத்தார்கள். அங்கன்வாடி ஊழியர் ஒருவர் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். குப்பியின் மேல் ஒட்டிய வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். மருந்து சூடுபட்டால் அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சொட்டு விடுவார், இடது சுண்டு விரலில் மை வைப்பார், கதவில் சாக்பீஸால் குறி போடுவார். எழுதப் படிக்கச் சிரமப்படுபவரும் மருந்து நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள அந்தச் சதுரம் போதும்.

இலங்கையில் போர் நடுவிலும் இது நடந்தது. 1995 முதல் தேசியத் தடுப்பு மருந்து நாட்களில் அரசும் விடுதலைப் புலிகளும் சண்டையை நிறுத்தினார்கள். வடக்கு கிழக்கின் தமிழ்க் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு இயற்கை வைரஸால் போலியோ வரவில்லை. கர்நாடகத்தில் 2007க்குப் பிறகு இல்லை. உத்தரப் பிரதேசமும் பீகாரும் விடவில்லை. அங்கே ஒரு தவணைச் சொட்டு மருந்து சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கே பலன் தந்தது என்று கணக்கிட்டார்கள். பத்துத் தவணை வாங்கிய குழந்தைக்கும் வாதம் வந்தது. ஊழியர்கள் அடி வாங்கினார்கள், வதந்திகள் பரவின. 2009இல் நாட்டில் 741 பேர்; உலகின் போலியோ நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர். அப்போது எடுத்த முடிவுதான் என் கருத்துக்கு முதன்மைச் சான்று. வைரஸ் விடாப்பிடியாகத் தங்கிய 107 ஒன்றியங்களைக் குறித்துக்கொண்டு, சொட்டு மருந்தோடு கழிப்பறை, கைகழுவுதல், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை, குடிநீர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். 2010 ஜனவரியில் 1, 3 வகைகளுக்கு மட்டுமான புதிய சொட்டு மருந்து வந்தது. அந்த ஆண்டு 42 பேர். 2011இல் ஒரே ஒருவர்: ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தை. அவளுக்குப் பிறகு எவருக்கும் இல்லை. 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ இல்லாததெனச் சான்றளிக்கப்பட்டது.

6.

நோயாளியே இல்லாதபோது நோய் இல்லை என்று எப்படிச் சொல்வது? முடங்கியவரை மட்டும் பார்த்தால் இருநூறில் ஒன்றைத்தான் பார்ப்போம். ஆகவே இரண்டு வலைகள் விரிக்கப்பட்டன.

ஒன்று, பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கு எக்காரணத்தால் கை கால் திடீரென்று துவண்டாலும் அறிக்கை கொடுக்க வேண்டும். பதினான்கு நாளுக்குள் இரண்டு மல மாதிரிகள், குறைந்தது ஒரு நாள் இடைவெளியில், குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நம் பகுதிக்கு அது பெங்களூரில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனக் கிளை, தமிழ்நாட்டுக்குச் சென்னை கிண்டி கிங் நிறுவனம். போலியோ அல்லாத காரணங்களால் துவளும் குழந்தைகள் ஆண்டுதோறும் இருக்கவே செய்வார்கள். அவர்கள் போதிய எண்ணிக்கையில் பதிவாகாவிட்டால் அந்த மாவட்டத்தின் கண்காணிப்பு தூங்குகிறது என்று அர்த்தம்.

மற்றொன்று சாக்கடை. மும்பையில் 2001 முதல் கழிவுநீரில் போலியோ வைரஸைத் தேடினார்கள். பிறகு தில்லி, பாட்னா, கொல்கத்தா. யாரும் முடங்காத ஊரிலும் வைரஸ் நடமாடுவதைக் கழிவுநீர் சொல்லிவிடும். 2016 மார்ச்சில் இந்த அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தபோது நாம் பதறினோம். ஏரிக்கு வரும் கால்வாய் எதையெல்லாம் சுமந்து வருகிறது என்று அன்று கேட்ட கேள்வியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்க வேண்டும். போலியோவுக்காக மட்டுமல்ல, டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருவது இதே வழியில்தான்.

சொட்டு மருந்தைப் பற்றிய ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்கிறேன். வலுக்குறைத்த வைரஸ், தடுப்பு மருந்து போதிய அளவு எட்டாத மக்களிடையே நீண்டகாலம் சுற்றினால் மீண்டும் வலுப்பெறக்கூடும். 2 வகை இயற்கை வைரஸ் 1999இல் அலிகரில் கடைசியாகக் காணப்பட்டது. ஆகவே 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து 2 வகையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னேற்பாடாக 2015 நவம்பரில் இந்தியா ஊசி மருந்தையும் சேர்த்தது. ஏற்கெனவே சொட்டு மருந்து வாங்கிய குழந்தைக்கு ஓர் ஊசி போட்டால் குடலின் காவலும் கூடுகிறது என்று 2014இல் வேலூர்க் குழுவினர் லான்செட் இதழில் காட்டினார்கள். 2024இல் மேகாலயாவில் ஒரு குழந்தைக்குத் தடுப்பு மருந்து வழிவந்த வைரஸால் வாதம் வந்தது. அதே ஆண்டு காஸாவில். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இன்னும் சுற்றுகிறது. ‘நோய்தான் போய்விட்டதே, சொட்டு மருந்து எதற்கு’ என்று கேட்கும் இளம் பெற்றோருக்கு என் பதில் இதுதான். குழந்தை பிறந்தவுடன் ஒன்று, 6, 10, 14ஆம் வாரங்களில் சொட்டு. 6ஆம், 14ஆம் வாரமும் ஒன்பதாம் மாதமும் ஊசி. ஒன்றரை வயதுவாக்கில் மறுபடி சொட்டு. தனியார் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்கள் அட்டவணையைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டடம் எழும்பினால், அங்கே தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நகர்ப்புறச் சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். விடுபடுபவர்கள் அவர்கள்தாம்.

7.

இனி, தொடக்கத்தில் வணக்கம் சொன்ன உங்களுக்கு.

வைரஸ் போனபின் நம் சுகாதார அமைப்பு உங்களை மறந்துவிட்டது. அதன் புள்ளிவிவரத்தில் நீங்கள் 1960களின், 70களின், 80களின் எண்ணிக்கைகள். லிங்கராஜபுரத்தில், தாமே சக்கர நாற்காலியில் இயங்கிய என். எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் போன்ற அமைப்புகள் தொழிற்பயிற்சியும் சக்கர நாற்காலியும் கொடுத்துப் பலரை நிமிரவைத்தன. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் வரும் ஒரு புதிய பலவீனத்தைப் பற்றி உங்களில் பலரிடம் யாருமே சொன்னதில்லை.

பிழைத்த நரம்பணுக்கள் பல மடங்கு பாரம் சுமப்பதைச் சொன்னேன். முப்பது நாற்பது ஆண்டு சுமந்தபின் அவை களைத்துக் கிளைகளைக் கைவிடத் தொடங்குகின்றன. அதனால் ஏற்கெனவே பலவீனமான கால் இன்னும் தளர்கிறது. ‘நல்ல’ காலும் தளர்கிறது. சாயங்காலமானால் தாங்க முடியாத அசதி, மூட்டு வலி, குளிர் தாங்காமை, சிலருக்கு விழுங்கவும் தூக்கத்தில் மூச்சுவிடவும் சிரமம். போலியோ வந்து தேறியவர்களில் நூற்றுக்கு 25 முதல் 40 பேர் வரை இதற்கு ஆளாகலாம் என்று கணிக்கிறார்கள். வைரஸ் திரும்பி வந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது, மனச்சோர்வு என்று சொல்லி அனுப்பிவிடும் டாக்டரிடம், சிறு வயதில் போலியோ வந்ததென்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை, முதுகுத் தண்டில் அழுத்தம் ஆகியவை இல்லை என்று உறுதி செய்த பிறகே இது பழைய போலியோவின் பின்விளைவு என்ற முடிவுக்கு வர வேண்டும்.

இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனால் செய்யக்கூடியவை பல. தசை வலிக்கும்வரை, மறுநாள் எழ முடியாத அளவுக்குப் பயிற்சி செய்வது கேடு. இடையிடையே ஓய்வு கொடுத்து அளவாகச் செய்யும் பயிற்சியே நல்லது. ‘இத்தனை வருஷம் கட்டை இல்லாம நடந்தேன்’ என்ற பெருமிதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு முன்பே கைத்தடியோ காலிபரோ சக்கர நாற்காலியோ ஏற்றுக்கொள்ளுங்கள். இப்போது கிடைக்கும் காலிபர்கள் பழைய இரும்புபோல் கனப்பதில்லை. எந்த அறுவைச் சிகிச்சையானாலும், கண்புரையே ஆனாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் போலியோ வந்ததை முதலில் சொல்லுங்கள். மயக்கத்துக்குத் தரும் சில மருந்துகள் உங்கள் உடம்பில் வழக்கத்தைவிட நெடுநேரம் வேலை செய்யும், மூச்சைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். பெங்களூரின் ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாள் போலியோ வந்தவர்களுக்கென்று புறநோயாளிப் பிரிவு நடத்துவது பெரிய செலவில்லை. இயன்முறை மருத்துவர் ஒருவர், காலிபர் செய்பவர் ஒருவர், மூச்சுத்திறன் பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் போதும். இந்தக் கோரிக்கையை மாநகரச் சுகாதாரத் துறைக்கு அனுப்ப ஒரு மனு எழுதி, வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறேன். இசைவுள்ளவர்கள் கையொப்பமிடுங்கள், போலியோ வந்தவர்கள் தங்கள் வயதையும் இப்போது உள்ள சிரமத்தையும் அதில் குறிப்பிடுங்கள்.